நீரைச் செலவழித்த ஊர்

ஜப்பானியச் சாலைகளின் தூரக் கணக்கு ஒரு பாலத்தின் நடுவிலிருந்து தொடங்குகிறது. டோக்கியோவில் நிஹோன்பாஷிப் பாலத்தின்மேல், வண்டிகள் ஓடும் தடத்துக்கு நடுவே, வெண்கலத் தகடு ஒன்று பதிந்திருக்கிறது. ஏழு தேசியச் சாலைகளுக்கு அதுதான் பூஜ்யம். பாலம் பெரியதில்லை. 1911இல் கருங்கல்லால் கட்டிய இரட்டை வளைவு, நீளம் 49 மீட்டர். ஆனால் கட்டியவர்கள் அதைச் சாதாரணமாக நினைக்கவில்லை. நான்கு மூலைகளிலும் வெண்கலச் சிங்கங்கள், நடுவே விளக்குத் தூண்களின் அடியில் சிறகு முளைத்த கிரின் என்னும் புராண விலங்கு. பாலத்தின் பெயரை எழுதித் தந்தவர், நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன்களில் கடைசியானவர், தொகுகாவா யோஷினோபு. இத்தனை மரியாதையோடு எழுந்த பாலத்தின் தலைக்குமேல், 1963இல், எஃகும் கான்கிரீட்டுமாக ஒரு விரைவுச்சாலை வந்து கவிந்தது. மேலே போகும் இரண்டு தடங்களுக்கும் இடையில் விட்ட இடுக்கில்தான் அந்த விளக்குத் தூண்களின் நுனி இன்று நுழைந்து நிற்கிறது. பட்டப்பகலிலும் பாலத்தின்மீது நிழல். கீழே ஆறு ஓடுகிறது என்பது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

1964 ஒலிம்பிக்குக்காக அவசரத்தில் செய்த தவறு என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பாலம் நிற்கும் சூவோ வட்டாரத்தின் நானூறு ஆண்டு வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த விரைவுச்சாலை பழைய பழக்கம் ஒன்றின் தொடர்ச்சியாகவே தெரிகிறது. இந்த ஊர் நீரால் பிழைத்தது. இடம் போதாதபோதும் பணம் போதாதபோதும் அந்த நீரையே எடுத்துச் செலவழித்தது. யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலத்தைப் புறம்போக்கு என்கிறோம். டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்தபோதும் பிறகும் இங்கே நீருக்கு வாய்த்த நிலை அதுதான். ஒரு வீட்டை இடிக்க வேண்டுமானால் வீட்டுக்காரரிடம் பேச வேண்டும், விலை கொடுக்க வேண்டும். கால்வாயைத் தூர்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சூவோவின் நிலப்படம், கடைத்தெரு, வங்கி, மனை விலை எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு வசதி படிந்து கிடக்கிறது.

சூவோ என்றாலே மையம் என்றுதான் பொருள். 1947இல் நிஹோன்பாஷி, கியோபாஷி என்ற இரண்டு பழைய வட்டாரங்களைச் சேர்த்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள். டோக்கியோவின் 23 தனி வட்டாரங்களில் பரப்பளவில் இது கடைசிக்கு முந்தையது. பத்துச் சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். மேற்கே டோக்கியோ ரயில் நிலையமும் அரண்மனையைச் சூழ்ந்த சியோதா வட்டாரமும், கிழக்கே சுமிதா ஆறு, தெற்கே விரிகுடா. ஆற்றைத் தாண்டியும் சுகுதா, சுகிஷிமா, கச்சிதோகி, ஹாருமி என்று தீவுகளாக இது நீள்கிறது. மலை இல்லை, மேடு இல்லை. இயற்கை தந்த நிலம் என்று சொல்லத் தக்கது, இன்றைய நிஹோன்பாஷியிலிருந்து கியோபாஷி வழியாகக் கின்சா வரை வடக்குத் தெற்காக ஓடிய ஒரு மணல் திட்டு மட்டுமே. எடோ மாயெஜிமா என்பது அதன் பழைய பெயர். மற்றதில் பெரும்பகுதி மனிதர்கள் கொட்டிய மண்.

கொட்டத் தொடங்கியவர் தொகுகாவா இயெயாசு. 1590இல் அவர் எடோவுக்கு வந்தபோது கோட்டைக்குக் கீழே ஹிபியா என்ற உப்பங்கழி கிடந்தது. கோட்டை வாசல் வரை பொருள் வந்து சேரக் கால்வாய் வெட்டியது அவருடைய முதல் வேலைகளில் ஒன்று. விரிகுடாவின் மறுபக்கம் கியோதோகுவில் விளைந்த உப்பு அப்படித்தான் கோட்டைக்கு வந்தது. 1603இல் ஷோகன் பதவி ஏற்றதும் வடக்கேயிருந்த கந்தா குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு கழியைத் தூர்த்தார்கள். அதே ஆண்டில்தான் முதல் நிஹோன்பாஷி மரப்பாலமும் எழுந்தது. அடுத்த ஆண்டு, நாட்டின் ஐந்து பெருவழிகளுக்கும் தொடக்கம் இந்தப் பாலமே என்று அறிவித்தார்கள். சாலைகளின் தொடக்கத்தை ஏன் கோட்டை வாசலில் வைக்கவில்லை? அரசியலை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கடலிலிருந்து வரும் சரக்குத் தோணியும் மலைநாட்டிலிருந்து வரும் பொதிக்குதிரையும் சந்திக்கும் இடம் இந்தப் பாலம்தான்.

மீன்சந்தையின் கதையில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஒசாகா பக்கத்துச் சுகுதா கிராமத்திலிருந்து மீனவர்களை இயெயாசு எடோவுக்கு வரவழைத்தார். கோட்டைச் சமையலுக்கு மீன் கொடுப்பது அவர்கள் கடமை. மிஞ்சியதைப் பாலத்தின் வடகரையில் விற்றுக்கொள்ள அனுமதி கிடைத்தது. அந்த மிச்சம்தான் முந்நூறு ஆண்டு நின்ற சந்தையாக வளர்ந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் பொற்காசு புரளும் இடம் என்று எடோவில் பெயர் வாங்கிய கரை இது. கடைகளுக்கு முன்னால், தெருவின்மீதே, இதாபுனே என்னும் பலகைகளைக் கிடத்தி மீனைப் பரப்புவார்கள். இதாபுனே என்றால் பலகைப் படகு. ஒரு பலகை போடுகிற அளவு இடம், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தின்மீதான உரிமை தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது; விற்றார்கள், வாங்கினார்கள், வாடகைக்கு விட்டார்கள். நிலம் பொதுத்தெரு, அதன்மேல் கிடக்கும் பலகை தனிச்சொத்து! சந்தை இடம் மாறியபோது அந்தப் பலகை உரிமைக்கு நஷ்டஈடு கேட்டார்கள். அதில் லஞ்சம் புகுந்து, 1928இல் டோக்கியோ நகரசபையே கலைக்கப்பட்டது. ஆற்றங்கரையின் ஒரு பலகை அளவு இடம் எவ்வளவு பெறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மீனுக்கு ஒரு கரை என்றால் மற்றச் சரக்குகளுக்கும் ஆளுக்கொரு கரை. ஒசாகா, கோபே பக்கத்து நாதாவிலிருந்து கப்பலில் வந்த அரிசிமது ஷின்காவா கரையில் இறங்கியது. மரம், உப்பு, கூரை வேயும் கோரைப்புல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு படித்துறை, அதன் பின்னால் வெள்ளை பூசிய கிடங்குகளின் வரிசை. இன்று பங்குத் தரகர்கள் இறங்கும் கயாபாச்சோ நிலையத்தின் பெயரில் ஒளிந்திருப்பது அந்தக் கோரைப்புல்தான். மருந்துச் சரக்கு மொத்த வியாபாரிகள் கூடிய ஹோன்ச்சோ தெருக்களில் இன்றைக்கும் ஜப்பானின் பெரிய மருந்து நிறுவனங்களின் தலைமையகங்கள் இருக்கின்றன. 1673இல், இசே நாட்டு மத்சுசாகாவிலிருந்து வந்த மிட்சுயி தகதோஷி இங்கே எச்சிகோயா என்ற துணிக்கடையைத் திறந்தார். அதுவரை பணக்கார வீடுகளுக்குத் துணியைக் கொண்டுபோய்க் காட்டி, கடனுக்கு விற்று, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வசூலிப்பது வழக்கம். அவர் கடைக்கே வரச் சொன்னார், கைக்காசுக்கு விற்றார், எல்லாருக்கும் ஒரே விலை வைத்தார், கேட்ட அளவில் துணியை வெட்டிக் கொடுத்தார். இந்தக் கடைதான் பிற்காலத்து மிட்சுகோஷி. பாலத்திலிருந்து சில நிமிட நடையில் அது இன்னும் இருக்கிறது. அதன் அடியிலுள்ள சுரங்க ரயில் நிலையம் 1932இல் அந்தக் கடையின் பணத்தில் கட்டியது. பெயரே ‘மிட்சுகோஷிக்கு முன்னால்’. அந்த நிலையத்தின் நடைபாதைச் சுவரில் ஒரு நீளமான ஓவியச் சுருளின் நகல் உண்டு. மூலம் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; 1805ஆம் ஆண்டு வாக்கில் இந்தத் தெரு எப்படி இருந்தது என்பதைப் பன்னிரண்டு மீட்டருக்கும் மேலான நீளத்தில் காட்டுவது. 1,600க்கும் மேற்பட்ட மனிதர்கள், கடை கடையாக, முகம் முகமாக. தெரு முழுவதும் நடந்து முடித்துச் சுருள் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால், பாலத்திலும் படகுகளிலும் மீன்கரையிலும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஷோகன் கோட்டை கட்டினான், நாட்டிலுள்ள பிரபுக்கள் எல்லாரையும் எடோவில் வந்து குடியிருக்க வைத்தான். பத்து லட்சம் வாய்கள் இருக்கும் இடத்தில் சந்தை தானாக வரும். நீருக்கு இதில் என்ன பெருமை? நியாயமான கேள்விதான். தேவையை உண்டாக்கியது அதிகாரம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதிகாரம் கலைந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1868இல் ஷோகன் ஆட்சி வீழ்ந்ததும் பிரபுக்களும் அவர்களுடைய வீரர்களும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மாளிகைகள் ஆளற்றுக் கிடந்தன. அவற்றில் ஒரு பகுதியான சுகிஜியில், மறு ஆண்டே, வெளிநாட்டார் குடியிருப்பை அரசு திறந்தது. நிஹோன்பாஷி வணிகர்களோ இருந்த இடத்தில் இருந்தார்கள். புதிய அரசின் பணமும் அவர்களைத் தேடி அங்கேயே வந்தது. 1873இல் ஷிபுசாவா எயிச்சி முன்னின்று தொடங்கிய ஜப்பானின் முதல் வங்கி, கபுதோச்சோவில், கால்வாயோரம், ஒரு பாலத்தின் பக்கத்தில் எழுந்தது. அந்தப் பாலத்தின் பெயர் கயுன்பாஷி. கடல்வணிகப் பாலம் என்று சொல்லலாம். 1878இல் பங்குச் சந்தையும் அதே கபுதோச்சோவுக்கு வந்தது. பழைய பொன் அக்கசாலை இருந்த இடத்தில் ஜப்பான் வங்கியின் கல் கட்டடம் 1896இல் எழுந்தது. வடிவமைத்தவர் தத்சுனோ கிங்கோ. ஆட்சி மாறினாலும் சரக்கு வந்து இறங்கும் வழி மாறவில்லை. பணம் சரக்கின் பக்கத்திலேயே தங்கியது. கோட்டையின் நிழலில் வளர்ந்த ஊராக மட்டும் இருந்திருந்தால், கோட்டையோடு இதுவும் சாய்ந்திருக்கும்.

நீர் சம்பாதித்துக் கொடுத்த அதே காலத்தில் அதைச் செலவழிப்பதும் நடந்துகொண்டிருந்தது. சுகுதா மீனவர்கள் 1644ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமிதா முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டை உயர்த்தித் தங்களுக்கென்று ஒரு தீவு செய்துகொண்டார்கள். சிறு மீனையும் பாசியையும் சோயா சாற்றில் சுண்டக் காய்ச்சிச் செய்யும் சுகுதானி அங்கிருந்து பரவியதுதான். நாள்பட வைத்துக்கொள்ளலாம், ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஒரு விரல் நுனி அளவு போதும். 1657இன் பெருந்தீயில் எடோவின் பெரும்பகுதி எரிந்தபோது ஹோங்கன்ஜி ஆலயமும் எரிந்தது. மாற்றாக அரசு கொடுத்த இடம் கடல்! ‘நிரப்பிக் கட்டிக்கொள்’ என்பதுதான் உத்தரவு. சுகுதா மீனவர்கள் அந்த ஆலயத்தின் அடியார்கள். அவர்களும் தோள் கொடுத்துத் தூர்த்த நிலத்துக்குச் சுகிஜி, அதாவது ‘கட்டிய நிலம்’, என்றே பெயர் நின்றது. இன்று அங்கே நிற்கும் ஆலயம் 1934இல் இத்தோ சூத்தா என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர். பௌத்தம் பிறந்த நாட்டின் சைத்திய வளைவையும் ஸ்தூபியின் சாயலையும் கல்லில் கொண்டுவந்து வைத்தார். ஓட்டுக்கூரைகளின் நடுவே திடீரென்று தென்படும் அந்த முகப்பு, அஜந்தாவின் குகை வாயில்களைப் படத்தில் பார்த்தவர்களுக்குக்கூட உடனே அடையாளம் தெரியும். 1892இல், கப்பல் வழியை ஆழப்படுத்தத் தூர் வாரிய சேற்றைக் கொட்டிச் சுகிஷிமா எழுந்தது. ஆக, ஊரின் தெற்குப் பாதி பெரும்பாலும் விரிகுடாவிடமிருந்து எடுத்த கடன்.

அடுத்து வந்தது ரயில். இங்குதான் நீரின் கணக்கு தலைகீழாகிறது. 1872இல் தெற்கு எல்லையை ஒட்டி ஷிம்பாஷி நிலையம் திறந்தது. அதே ஆண்டு கின்சாப் பகுதி தீக்கிரையானது. வெள்ளி நாணயம் அடித்த இடம் என்பதால் கின்சா என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியை, வாட்டர்ஸ் என்ற அயர்லாந்துக்காரரின் வடிவமைப்பில், செங்கல் தெருவாக அரசு கட்டி எழுப்பியது. யோகோஹாமாவிலிருந்து ரயிலில் இறங்குகிறவர் முதலில் பார்க்கும் தெரு அது. ஊரின் முகம் ஆற்றங்கரையிலிருந்து தண்டவாளத்தின் பக்கம் திரும்பத் தொடங்கியது அப்போதுதான். 1914இல் டோக்கியோ நிலையம் வந்தபோது அதன் வாயில் அரண்மனையையும் மருனோச்சி அலுவலகங்களையும் பார்த்தபடி அமைந்தது. சூவோவின் பக்கம், அகழிக்கு அப்பால், முதுகு. யாயெசு என்ற அந்தக் கிழக்குப் பக்கத்தில் வாயில் திறக்க 1929 வரை பொறுக்க வேண்டியிருந்தது. முந்நூறு ஆண்டாக வியாபாரத்தை உள்ளே கொண்டுவந்த நீர், ரயிலில் வந்தவருக்கு வழிமறிக்கும் பள்ளமாகத் தெரிந்தது.

1923 செப்டம்பர் 1இன் நிலநடுக்கமும் தீயும் நிஹோன்பாஷியையும் கியோபாஷியையும் துடைத்தெடுத்தன. மீன்சந்தை சுகிஜிக்குப் போனது. 1935இல் திறந்த புதிய சந்தைக் கட்டடத்தை மேலிருந்து எடுத்த படங்களில் பார்த்தால் விசிறிபோல் வளைந்திருக்கும். அழகுக்காக வளைத்ததல்ல, சரக்கு ரயிலின் நீண்ட பெட்டி வரிசை வந்து நிற்க நடைமேடை வேண்டும், இருந்த இடத்துக்குள் அது வளைந்தால்தான் அடங்கும். ஆற்றுப்பக்கம் படகுத்துறையும் இருந்தது. நீருக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஊர் தத்தளித்த காலத்தை அந்த வளைவு அப்படியே உறைய வைத்தது. 1940இல் திறந்த கச்சிதோகிப் பாலமும் அதே காலத்துப் பிள்ளை. பெரிய கப்பல்கள் மேலே போவதற்காக அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து உயரும். தொடக்கத்தில் நாளுக்கு ஐந்து முறை உயர்ந்தது. கார்கள் பெருகப் பெருக அது உயராமல் கிடக்கும் நேரம் கூடியது. 1970 நவம்பரில் கடைசியாக ஒருமுறை உயர்ந்தது; அதன்பின் உயரவில்லை.

போருக்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் மிக வேதனையான பகுதி. குண்டுவீச்சில் எரிந்த நகரத்தின் இடிபாடுகள் தெருக்களை அடைத்துக் கிடந்தன. அகற்றப் பணம் இல்லை, லாரி இல்லை, கொட்ட இடம் இல்லை. பக்கத்திலேயே கால்வாய்கள் இருந்தன. இடிபாட்டைக் கால்வாயில் கொட்டினால் தூரம் மிச்சம். நிரம்பிய கால்வாய் மனையாகும். மனையை விற்றால் செலவும் தேறும். கின்சாவின் கிழக்கு எல்லையாக இருந்த சன்ஜுக்கென்போரி 1948, 49 ஆண்டுகளில் இப்படித்தான் மறைந்தது. அதற்கு முன்பு கின்சா நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த இடம்: மேற்கே வெளியகழி, வடக்கே கியோபாஷி ஆறு, தெற்கே ஷியோதோமே ஆறு, கிழக்கே இந்தக் கால்வாய். நான்கில் ஒன்றுகூட இன்று இல்லை. பெயர்கள் மட்டும் சாகாமல் நிற்கின்றன. சுக்கியாபாஷி, கியோபாஷி, ஷிம்பாஷி, மிஹாராபாஷி என்று எங்கு திரும்பினாலும் ஒரு ‘பாஷி’. ஒன்றின் கீழும் தண்ணீர் கிடையாது. கியோபாஷியில் பழைய பாலத்தின் தலைத்தூண் ஒன்றை நடைபாதையோரம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வெங்காயத்தின் குமிழ் வடிவத்தில் தலைப்பாகை கட்டிய அந்தத் தூணைக் கடந்து கார்கள் போகின்றன. ஷிபுசாவாவின் வங்கியை ஒட்டியிருந்த கயுன்பாஷியின் தூண்களும் அவ்வாறே தரையில் நிற்கின்றன. அதன் கீழ் ஓடிய கயெதே கால்வாயில் தண்ணீரை வடித்துவிட்டு, விரைவுச்சாலையை இறக்கிவிட்டார்கள்.

வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பார்கள். பசியிலும் குளிரிலும் கிடந்த நகரத்திடம் கால்வாயின் அழகைக் காப்பாற்று என்று சொல்வது, வயிறு நிறைந்தவரின் பேச்சாகாதா? ஒலிம்பிக்குக்கு ஐந்தே ஆண்டு. வீடுகளைக் கையகப்படுத்தி அத்தனை விரைவாகச் சாலை போட்டிருக்க முடியுமா? அந்தத் தண்ணீர்தான் எப்படி இருந்தது? சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்து நாறியது. சுமிதாவின் புகழ்பெற்ற வாணவேடிக்கைகூட 1961க்குப் பிறகு நின்றுபோய், 1978இல்தான் மீண்டும் வந்தது. இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு முடிவெடுத்தவர்கள் கொடியவர்களும் இல்லை, மூடர்களும் இல்லை. ஆனால் நெருக்கடி எதை முதலில் விற்க வைக்கிறது என்பது நாம் எதற்கு விலை இல்லை என்று எண்ணுகிறோம் என்பதைக் காட்டிவிடும். நாறிய நீரைச் சுத்தம் செய்வது ஒரு வழி, மூடுவது இன்னொரு வழி. மூடுவதை எளிதாக்கியது, அதற்குச் சொந்தக்காரர் இல்லை என்பதுதான். இதில் இன்னொரு உண்மையும் உண்டு. மேலே ஓடும் விரைவுச்சாலை பழைய கால்வாயின் வாரிசே. சரக்கு போக நகரின் ஊடே தடையற்ற ஒரு பாதை வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் படகுக்கு அந்தப் பாதையைக் கொடுத்த ஆறு, 1963இல் லாரிக்குக் கொடுத்தது. கின்சாவின் விளிம்பில், தூர்த்த அகழிகளின்மீது, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தனியார் கட்டிய மேம்பாலச் சாலையில் இன்னும் ஒரு படி போனார்கள். அடியில் வரிசையாகக் கடைகளைக் கட்டி, அந்த வாடகையில் சாலையை நடத்தினார்கள். மேலே போன கார்களுக்குச் சுங்கம் இல்லை. நீர் கிடந்த இடம் வாடகையாகிவிட்டது. 2025 ஏப்ரலில் கார்களுக்கு அதை மூடினார்கள். நடைபாதைப் பூங்காவாக மாற்றப்போகிறார்கள்.

நீரைத் தந்து வாங்கிய நிலத்தின் விலை மனிதர்களையே வெளியே தள்ளியது. 1953இல் 1,72,000 பேர் வாழ்ந்த வட்டாரத்தில், 1997இல் சுமார் 72,000 பேர்தான் மிஞ்சினார்கள். பகலில் வேலைக்கு வந்து போகிறவர்களோ பல லட்சம். கின்சா நான்காம் பகுதியின் ஒரு மனை பல ஆண்டுகளாக நாட்டிலேயே விலை உயர்ந்தது. 2024இல் அரசு வெளியிட்ட மதிப்பு சதுர மீட்டருக்கு 5 கோடியே 57 லட்சம் யென். அந்த விலையில் கைக்குழந்தையோடு யார் குடியிருப்பார்கள்? வட்டார நிர்வாகம் விழித்துக்கொண்டு, வீடு கட்டுகிறவர்களுக்குக் கூடுதல் மாடி அனுமதி கொடுத்தது. பழைய இஷிகாவாஜிமாக் கப்பல் பட்டறை 1979இல் மூடிய பிறகு, சுகுதாவின் அந்த நிலத்தில் உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்கள் எழுந்தன. ஜனத்தொகை ஏறி, 2020களில் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. கரையைத் தொட்டு நின்ற பட்டறைகள் கரையைப் பார்க்கும் சன்னல்களாயின. ஒருகாலத்தில் சரக்கு இறக்கப் பயன்பட்ட நீர் இப்போது காட்சியாக விலை போகிறது.

தூர்த்ததெல்லாம் இழப்பு என்றால் இந்த வீடுகள் எங்கே வந்திருக்கும் என்பதும் சரியான கேள்விதான். ஹாருமியில் டோக்கியோவின் இரண்டாம் ஒலிம்பிக்கின்போது வீரர்கள் தங்கிய இடத்தில் இப்போது 5,632 வீடுகள், சுமார் 12,000 பேர் வாழும் திட்டம். கடலைத் தூர்த்திராவிட்டால் அந்தக் குடும்பங்களுக்கு மையநகரில் இடமே இருந்திருக்காது. நான் சொல்லவருவது செலவே கூடாது என்பதல்ல. செலவுக்குக் கணக்கு வேண்டும். ஹாருமியின் 13 ஹெக்டேருக்கு மேற்பட்ட பொதுநிலத்தை, டோக்கியோ அரசு கட்டுமான நிறுவனங்களுக்குச் சுமார் 1,296 கோடி யென்னுக்குக் கொடுத்தது. சந்தை விலையில் சிறு பங்குதான் இது என்று ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. சட்டப்படி அது சரியாக இருக்கட்டும். கடலாக இருந்தபோது எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒன்று, மண்ணாக மாறித் தனிக்கைக்குப் போகும்போது, பொதுவுக்கு என்ன திரும்பி வந்தது என்று கேட்கும் உரிமையை எந்தத் தீர்ப்பும் எடுத்துவிடாது. சுகிஜி சந்தை 2018 அக்டோபரில் மூடி, வேறு வட்டாரத்திலுள்ள தொயோசுவுக்குப் போனது. பழைய எரிவாயு ஆலை நின்ற அந்த மண்ணில் நச்சு கலந்திருந்ததால் இடமாற்றமே இரண்டு ஆண்டு தள்ளிப்போயிற்று. காலியான சுமார் 19 ஹெக்டேரில் 50,000 பேர் அமரும் அரங்கமும் கோபுரங்களும் வரப்போகின்றன. மிட்சுயி குழுமத்தின் நிலநிறுவனம் அதில் முன்னணியில் இருக்கிறது. துணிக்கடையில் தொடங்கிய பெயர், மீன்கடை இருந்த இடத்துக்கு வந்துசேர மூன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. நல்லவேளை, சந்தையின் வெளிப்புறத் தெருக்கள் அங்கேயே இருக்கின்றன. உலர்ந்த போனிட்டோ மீனைச் சீவும் வாசனையும், கத்தி தீட்டும் கடைகளும், காலையில் கரண்டியும் நெருப்புமாக முட்டை அடை சுருட்டுகிறவர்களும் இடம்பெயரவில்லை.

இப்போது நிஹோன்பாஷிக்குத் திரும்பலாம். பாலத்துக்கு மேலுள்ள விரைவுச்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலிருந்த இரண்டு ஏறுவாயில்களை 2021 மே மாதம் மூடினார்கள். சுரங்கம் 2035 நிதியாண்டில் திறக்கும், மேலேயுள்ள சாலையை 2040க்குள் அகற்றுவார்கள் என்பது திட்டம். செலவு சுமார் 32,000 கோடி யென். அதில் முக்கால் பங்கு சாலை நிறுவனத்தின் தலையில், மீதியை நகர, வட்டார நிர்வாகங்களும் கரையோரத்தில் கோபுரம் கட்டுகிற தனியாரும் ஏற்கிறார்கள். கரையில் ஐந்து மறுகட்டுமானப் பகுதிகள். நூறு மீட்டர் அகலத்தில், 1,200 மீட்டர் நீளத்தில் நீரோரத் திறந்தவெளி வருமாம். ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத ஆற்றுத்துண்டுக்கு இத்தனை பணமா, முதியோர் பெருகும் நாட்டில் இதற்கா முன்னுரிமை என்று எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியை எளிதாக ஒதுக்க முடியாது. ஆயினும் அறுபது ஆண்டு லாரிகளைச் சுமந்த அந்தச் சாலை வயதாகித் தேய்ந்துவிட்டது. எப்படியும் பெரும் பணம் போட்டுப் புதுப்பித்தாக வேண்டும். கேள்வி புதுப்பிப்பது எங்கே என்பதுதான். 1963இல் மிச்சம் பிடித்த நிலத்தின் விலையை இப்போது வட்டியோடு கட்டுகிறார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன். எனக்குள்ள கவலை வேறு. வானம் திறந்ததும் ஆற்றின் இரு கரையிலும் உயரப்போகும் கோபுரங்கள், அந்த வெளிச்சத்தையும் காட்சியையும் அலுவலக வாடகையாக மாற்றிக்கொள்ளும். பழைய செலவுக்கணக்கில் அடுத்த வரி அதுவாக இருக்கக் கூடாது. படித்துறை பொதுவாக இருக்க வேண்டும், ஆற்றோரம் நடக்க ஒருவர் எந்தக் கடைக்குள்ளும் புகவேண்டியிராமல் இருக்க வேண்டும், கரையில் வந்து உட்காரக் காசு கேட்கக் கூடாது.

சுமிதாவின் கரையில் 1959 புயலுக்குப் பிறகு ஆளுயரக் கான்கிரீட் சுவர்களை எழுப்பி ஊரை ஆற்றிலிருந்து பிரித்தார்கள். கத்தி முனைபோல் மெல்லியதாக நிமிர்ந்து நிற்பதால் சவரக்கத்திச் சுவர் என்று ஜப்பானியர் அழைக்கிறார்கள். பல இடங்களில் அதைச் சரிவான கரையாக மாற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நிஹோன்பாஷியின் அடியில், கற்பாலத்துக்கு நூறு வயதான 2011இல், ஒரு படகுத்துறை திறந்தார்கள். பாலத்தின் மூலைத் திடலில், மீன்சந்தை நின்ற கரைப்பக்கம், கடலரசனின் மகள் ஒதோஹிமேயின் சிலை அமர்ந்திருக்கிறது. கீழே படகுக்காரர்கள் புறப்படும் முன் கடிகாரத்தோடு ஓதப் பட்டியலையும் பார்க்கிறார்கள். இந்த ஆறு இன்னும் கடலின் கழிதான். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் தாழ்ந்த பாலங்களின் கீழே படகு நுழையாது. விரைவுச்சாலையின் தூண்களில் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தே அவர்களால் சொல்ல முடியும், இப்போது போகலாமா, தண்ணீர் வடியும்வரை பொறுக்க வேண்டுமா என்று.